பட்ஜெட்டுக்குள் நல்ல பிரெட் மெஷின் வாங்குவது எப்படி: பாத்திரத்திலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பிரெட் மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணைத்தான். 12 புரோகிராம், 19 புரோகிராம், 25 புரோகிராம். நானும் அப்படித்தான் என் முதல் மெஷினை வாங்கினேன். அதிலிருந்த 19 புரோகிராமில் நான் தொட்டது மூன்று. ஜாம் புரோகிராமை ஒருநாள் ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன். மூடியின் உட்பக்கம் வரை தெறித்ததைத் துடைத்து முடிப்பதற்குள் ஜாம் ஆசையே போய்விட்டது.

ஒன்றரை வருடத்தில் அந்த மெஷின் பரணுக்குப் போனது. பட்டன்கள் எல்லாம் அப்போதும் நன்றாகத்தான் வேலை செய்தன. கெட்டுப்போனது உள்ளே இருந்த பாத்திரம். அதன் அடியில் சுழலும் தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் தேய்ந்து, தண்ணீர் கசிந்து ஹீட்டர் மேல் சொட்ட ஆரம்பித்தது. மாற்றுப் பாத்திரம் தேடினால் அந்த மாடலுக்கு எங்குமே கிடைக்கவில்லை. அடுத்த மெஷினை வாங்கும்போது பட்டன் பக்கம் கண்ணே போகவில்லை, முதலில் பாத்திரத்தைத்தான் வெளியே எடுத்துப் பார்த்தேன்.

பிரெட் மெஷினுக்குள் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. ஒரு மோட்டார், மாவைப் பிசையும் பிளேடைச் சுழற்ற ஒரு பெல்ட், பாத்திரத்தைச் சுற்றி ஒரு ஹீட்டர், சூட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு சென்சார், இவற்றை நேரத்துக்கு ஓட்ட ஒரு சின்ன சர்க்யூட். 5 புரோகிராம் மெஷினிலும் 25 புரோகிராம் மெஷினிலும் இதேதான் இருக்கும். கூடுதல் புரோகிராம் என்பது பெரும்பாலும் அதே சர்க்யூட்டில் எழுதிய வேறு சில நேரக் கணக்குகள். அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதை விட்டால் பட்ஜெட் தானாகவே பாதி சரியாகிவிடும்.

படி 1: எதற்காக வாங்குகிறீர்கள்?

தினசரி சாண்ட்விச்சுக்கும் டோஸ்ட்டுக்கும் மிருதுவான பிரெட் வேண்டும் என்றால், பிரெட் மெஷின் அதற்கென்றே பிறந்தது. மாவைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம், மூன்று மூன்றரை மணி நேரத்தில் பிரெட் தயார்.

வெளியே மொறுமொறுவென்று உடையும் மேலோடும், உள்ளே பெரிய பெரிய துளைகளும் கொண்ட பேக்கரி பிரெட்தான் உங்கள் ஆசை என்றால், எவ்வளவு விலை கொடுத்தாலும் எந்த மெஷினும் அதைத் தராது. அந்தச் சின்ன அறை நல்ல ஓவன் அளவுக்குச் சூடேறுவதில்லை. பிரெட்டின் பக்கங்களும் கடைசிவரை பாத்திரத்தோடு ஒட்டியேதான் வேகின்றன. அப்படிப்பட்டவர்கள் மெஷினில் மாவை மட்டும் பிசைந்து உப்ப வைத்து, ஓவனில் சுடலாம். அந்த வேலைக்கு இருப்பதிலேயே மலிவான மெஷின் போதும், ஏனென்றால் ஹீட்டர் எப்படிச் சுடுகிறது என்ற கவலையே உங்களுக்கு இல்லை. பன், பீட்சா அடிமாவு எல்லாம் இந்த வழியில் அருமையாக வரும்.

மூன்றாவது வகை, குளூட்டன் (கோதுமையில் இருக்கும், மாவுக்கு இழுவை தரும் புரதம்) இல்லாத பிரெட்டுக்காக வாங்குபவர்கள். அந்த மாவு உருண்டையாகத் திரளாது, கெட்டியான கேக் மாவு போல இருக்கும். அதற்கு ஒருமுறை கலக்கல், ஒருமுறை உப்பல், நேராகச் சுடுதல் என்று தனி ஓட்டம் வேண்டும். ஆகவே குளூட்டன் இல்லாத புரோகிராமோ, நேரங்களை நாமே அமைக்கும் வசதியோ கட்டாயம் இருக்க வேண்டும். குளூட்டன் சாப்பிட்டால் குடல் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்காக வாங்குவதாக இருந்தால் பழைய மெஷின் பக்கமே போகாதீர்கள். முன்பு உபயோகித்தவரின் கோதுமை மாவு எந்த இடுக்கில் ஒட்டியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 2: விலைப்பட்டியலைத் திறக்கும் முன் ஒரு கணக்கு

எது மலிவு என்பது நீங்கள் எத்தனை பிரெட் சுடுவீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு கடை பிரெட்டின் விலையிலிருந்து, அதே எடையுள்ள வீட்டு பிரெட்டுக்கு ஆகும் மாவு, ஈஸ்ட், எண்ணெய், மின்சாரச் செலவைக் கழியுங்கள். வருவது ஒரு பிரெட்டுக்கு மிச்சமாகும் தொகை. மெஷின் விலையை அதால் வகுத்தால், எத்தனை பிரெட்டில் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, கடை பிரெட் 10 பங்கு, வீட்டுச் செலவு 4 பங்கு, மெஷின் 900 பங்கு என்று வையுங்கள். மிச்சம் 6. 900-ஐ 6-ஆல் வகுத்தால் 150 பிரெட். வாரம் இரண்டு சுட்டால் 75 வாரம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை வருடம். என் முதல் மெஷின் போய்ச் சேர்ந்ததும் சரியாக அந்தக் காலத்தில்தான் என்பதைக் கவனியுங்கள். வாரம் ஒன்றுதான் சுடுவேன் என்றால் இரண்டு மடங்கு காலம் ஆகும்.

மின்சாரத்தைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். மூன்று மணி நேரம் ஓடினாலும் ஹீட்டர் முழுமூச்சில் வேலை செய்வது கடைசி 50, 60 நிமிடம்தான், அதிலும் விட்டுவிட்டுத்தான் எரியும். ஒரு பிரெட்டுக்குச் சாதாரணமாக அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஒரே ஒரு பிரெட்டுக்காகப் பெரிய ஓவனைச் சூடேற்றுவதைவிட இது குறைவு.

படி 3: அளவு

மெஷின்களின் அளவை இன்னும் பவுண்டில்தான் சொல்கிறார்கள். 1 பவுண்டு பிரெட் சுமார் 450 கிராம், ஒன்றரை பவுண்டு 680 கிராம், 2 பவுண்டு 900 கிராம். மாவுக் கணக்கில் சொன்னால் முறையே 270, 400, 530 கிராம் அளவில் வரும். பவுண்டில் சொல்வது சுட்ட பிரெட்டின் எடை, மாவின் எடை அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு 900 கிராம் மாவைக் கொட்டினால் மாவு மூடியை முட்டி வழிந்து ஹீட்டரில் கருகும்.

வீட்டு பிரெட்டில் கெடாமல் காக்கும் ரசாயனம் எதுவும் இல்லை. இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும், ஈரமான காலநிலையில் பூஞ்சையும் பிடிக்கும். அதனால் இரண்டு, மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை பவுண்டு வரை சுடும் மெஷின் போதும். நான்கைந்து பேர் என்றால் 2 பவுண்டு. “பெரிதாகவே வாங்கிவிடலாம், சின்னதும் அதிலேயே சுடலாம்” என்று தோன்றும். அகலப் பாத்திரத்தில் 1 பவுண்டு பிரெட்டுக்கான மாவைப் போட்டால் அது உயராமல் செங்கல் மாதிரி படுத்துக்கொள்ளும். நீங்கள் அடிக்கடி சுடப்போகும் அளவு எதுவோ, அதற்கான பாத்திரமுள்ள மெஷினையே தேடுங்கள்.

படி 4: பாத்திரத்தைக் கையில் எடுங்கள்

கடையில் வாங்கினால், மூடியைத் திறந்து பாத்திரத்தை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கையில் எடுத்ததுமே ஒரு கனம் தெரிய வேண்டும். தகடு மாதிரி மெல்லியதாக இருந்தால் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் கருத்து, மற்ற இடம் வெளுத்து வரும். தடித்த வார்ப்பு அலுமினியம் சூட்டைப் பரப்பிக் கொடுக்கும். இணையத்தில் வாங்குபவர்கள் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே கொள்ளளவுள்ள இரண்டு மெஷின்களின் நிகர எடையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று 4 கிலோ, இன்னொன்று 6 கிலோ என்றால் அந்த 2 கிலோ பெரும்பாலும் பாத்திரத்திலும் மோட்டாரிலும் உடம்பிலும்தான் இருக்கும். இது பிசகாத கணக்கு இல்லை, ஆனாலும் புரோகிராம் எண்ணிக்கையைவிட நம்பலாம். கனமான மெஷின் பிசையும்போது மேடையில் நடந்துபோகாது என்பது கூடுதல் லாபம்.

அடுத்தது வடிவம். உயரமான பாத்திரம், நீளமாகப் படுத்த பாத்திரம் என்று இரண்டு வகை. நீளப் பாத்திரத்தில் கடை பிரெட் போலவே துண்டு விழும், பார்க்க அழகு. ஆனால் நீளப் பாத்திரத்தின் நடுவில் ஒரே ஒரு பிளேடு இருந்தால், இரண்டு ஓரத்திலும் மாவு பிசைபடாமல் வெள்ளையாகத் தங்கிவிடும். ரப்பர் கரண்டியோடு பக்கத்தில் நின்று தள்ளிவிட வேண்டியிருக்கும். இரண்டு பிளேடு உள்ள மெஷினில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் விலை ஏறும், பிரெட்டின் அடியில் இரண்டு ஓட்டை விழும். கை இறுக்கமாக இருந்தால் ஒற்றை பிளேடு, உயரமான அல்லது சதுர அடிப்பாத்திரம் என்பதுதான் என் தேர்வு. துண்டு கொஞ்சம் பெரிதாக வரும், அவ்வளவுதான். பாதியாக வெட்டிக்கொள்ளலாம்.

பாத்திரத்தின் உட்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். நெடுக்காக மேடு தட்டுப்பட வேண்டும். அந்த மேட்டுக்கு ஒரு கதை உண்டு. ஜப்பானின் மட்சுஷிடா எலக்ட்ரிக், பின்னாளில் பானாசோனிக் என்று பெயர் மாறிய அதே நிறுவனம், 1980-களில் வீட்டு பிரெட் மெஷின் செய்ய முயன்றபோது பிரெட் சரியாக வரவே இல்லை. மேலோடு தீய்ந்து, உள்ளே வேகாமல் கிடந்தது. மென்பொருள் பிரிவில் இருந்த இகுகோ தனாகா, ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை பேக்கரிடம் போய்ப் பயிற்சிக்கு நின்றார். பேக்கர் மாவை வெறுமனே இழுக்கவில்லை, இழுத்துக்கொண்டே முறுக்கினார். அந்த முறுக்கலை மெஷினுக்குள் கொண்டுவரப் பொறியாளர்கள் கண்ட வழிதான் பாத்திரத்தின் உள்ளே வைத்த மேடுகள். சுழலும் மாவு அதில் இடறி, இழுபட்டு, முறுகும். 1987-இல் அந்த மெஷின் விற்பனைக்கு வந்தது. உட்சுவர் முழுக்க வழவழவென்றிருந்தால் மாவு உருண்டை பிளேடோடு சேர்ந்து ராட்டினம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிசைபடாது.

இனி பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் இரண்டு காது மாதிரி ஒரு உலோகத் துண்டு இருக்கும், அது கீழே மோட்டாரோடு கோத்துக்கொள்ளும். அதை விரலால் சுற்றுங்கள். தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. அந்தத் தண்டு பாத்திரத்துக்குள் நுழையும் இடத்தில்தான் ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கிறது. பல மெஷின்களின் ஆயுள் அங்கேதான் முடிகிறது. தண்டை ஒரு கிளிப்பால் பிடித்திருந்தால் சீலை மட்டும் கழற்றி மாற்ற வாய்ப்புண்டு. முழுக்க அடைத்து ரிவெட் அடித்திருந்தால் முழுப் பாத்திரத்தையும் மாற்ற வேண்டியதுதான்.

பிளேடைப் பற்றி ஒரு வார்த்தை. சுட்டு முடித்ததும் அது பல சமயம் பிரெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வரும். புதிதாக வாங்கியவர்கள் தெரியாமல் கத்தியை வைத்து அறுத்து பிளேடின் பூச்சைக் கீறிவிடுகிறார்கள். கூடவே ஒரு கொக்கி தருவார்கள், அதால் இழுத்தால் வந்துவிடும். சுடும் முன் மடங்கிக்கொள்ளும் பிளேடும் சில மெஷின்களில் உண்டு. ஓட்டை சிறிதாகும், ஆனால் அந்த மடிப்புக்குள் மாவு போய் அடைத்துக்கொண்டால் கழுவுவது பெரும்பாடு. நான் செய்வது வேறு. கடைசிப் பிசைதல் எப்போது முடியும் என்று கையேட்டில் நேர அட்டவணை இருக்கும். அந்த நேரத்துக்குக் கையை நனைத்துக்கொண்டு மாவைத் தூக்கி, பிளேடை உருவிவிட்டு, மாவை மறுபடி உள்ளே வைத்துவிடுவேன். தண்டு அளவுக்கு ஒரு சின்னத் துளைதான் விழும்.

படி 5: சூடு எங்கிருந்து வருகிறது

பெரும்பாலான மெஷின்களில் ஹீட்டர் பாத்திரத்தின் கீழ்ப்பகுதியைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கும். மூடியில் ஹீட்டர் இல்லை. அதனால் பக்கமும் அடியும் பழுப்பாகி, தலை மட்டும் வெளிறி நிற்கும். சோஜிருஷி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் சில மாடல்களைப் போல மூடியிலும் ஹீட்டர் வைத்த மெஷின்கள் உண்டு, விலையும் அதற்கேற்ப. பட்ஜெட்டுக்குள் வாங்குபவர்கள் வெளிறிய தலையை ஏற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம். ருசியில் குறை எதுவும் இல்லை.

மூடி பாத்திரத்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். மெல்லிய மூடி, இழுத்தால் ஆடும் கீல் என்றால் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும், தலை இன்னும் வெளுக்கும். கண்ணாடி ஜன்னல் உள்ள மூடி பார்க்க ஆசையாக இருக்கும். முக்கியமான நேரத்தில் அது ஆவி படிந்து மங்கிப்போகும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

படி 6: எந்த புரோகிராம் வேண்டும், எது வேண்டாம்

கட்டாயம் வேண்டியவை நான்கு: சாதாரண பிரெட், முழுக்கோதுமை, மாவு பிசைய மட்டும், சுட மட்டும்.

முழுக்கோதுமைக்குத் தனி புரோகிராம் ஏன்? தவிடு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், உப்பவும் அதிக நேரம் கேட்கும். சில மெஷின்களில் இந்த புரோகிராமைப் போட்டதும் அரைமணி நேரத்துக்கு எதுவுமே நடக்காது. மாவு ஊறட்டும், எல்லாம் ஒரே வெப்பத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கிறது. இது தெரியாமல் மெஷின் பழுது என்று திருப்பி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள்.

சுட மட்டும் என்ற புரோகிராமைப் பலர் கண்டுகொள்வதில்லை. நடுவில் மின்சாரம் போய்விட்டால் உப்பிய மாவைக் காப்பாற்றுவது அதுதான். நடுவில் ஈரமாக நிற்கும் பிரெட்டை இன்னும் பத்து நிமிடம் சுட்டெடுக்கவும் அதுதான் வேண்டும். இது இல்லாத மெஷினை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

பிசையும் நேரம், உப்பும் நேரம், சுடும் நேரம் மூன்றையும் தனித்தனியாக நாமே வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால், மற்ற பதினைந்து புரோகிராமும் அதற்குள் அடக்கம். விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் இதற்குக் கொடுக்கலாம்.

துரித பிரெட் என்று ஒரு மணி, இரண்டு மணி நேர ஓட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். உப்பும் நேரத்தை வெட்டி, ஈஸ்ட்டைக் கூட்டிப் போடும் ஏற்பாடு அது. பிரெட் இறுகி, ஈஸ்ட் வாடையோடு வரும். அவசரத்துக்கு ஒருநாள் சரி. பருப்பு, உலர்பழம் தானாக விழும் பெட்டிக்கும் தனிப் பணம் தேவையில்லை, போட வேண்டிய நேரத்தில் பீப் சத்தம் கேட்டால் போதும்.

தாமத டைமர் மட்டும் உண்மையிலேயே சுகம். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் வீடே மணக்கும். 13 அல்லது 15 மணி நேரம் வரை தள்ளிவைக்கலாம். அப்படித் தள்ளிவைக்கும்போது பாலும் முட்டையும் சேர்க்கக் கூடாது, மணிக்கணக்கில் வெளியே கிடந்து கெட்டுவிடும். தண்ணீர் அடியில், அதன் மேல் மாவு, மாவின் நடுவில் குழி பறித்து ஈஸ்ட் என்று போட்டால், பிசைய ஆரம்பிக்கும் வரை ஈஸ்ட்டில் ஈரம் படாது. சில நிறுவனங்கள் ஈஸ்ட்டை முதலில், அடியில் போடச் சொல்லும். உங்கள் கையேடு என்ன சொல்கிறதோ அதையே செய்யுங்கள்.

படி 7: மின்சாரம், இடம், சத்தம்

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருகிறேன் என்றால் முதலில் வோல்ட்டேஜைக் கேளுங்கள். 110-120 வோல்ட்டுக்குச் செய்த மெஷினை 220-240 வோல்ட்டில் சொருகினால் அன்றே அதன் கதை முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ஓட்டலாம்தான், ஆனால் அதன் விலையையும் பருமனையும் பார்த்தால் மலிவாக வாங்கியதற்கு அர்த்தமே இருக்காது.

பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை வைத்துத் தரத்தை எடைபோடாதீர்கள். 500 வாட் மெஷின் நல்ல மூடியோடு அழகாகச் சுடும், 800 வாட் மெஷின் மெல்லிய பாத்திரத்தால் தீய்க்கும்.

மின்வெட்டு உள்ள இடத்தில் இருப்பவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா, எத்தனை நிமிடம் வரை? பல மெஷின்கள் 10, 15 நிமிடம் வரை நினைவில் வைத்திருக்கும். மலிவானவற்றில் சில, கண் இமைக்கும் நேரம் போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். கையேடுகளை நிறுவனங்களே இணையத்தில் போடுகின்றன, வாங்கும் முன் அதில் இந்தப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். நான் இப்போதெல்லாம் கையேடு கிடைக்காத மெஷினை வாங்குவதே இல்லை.

மேடையில் வைக்கும்போது மூடி திறக்க மேலே இடம் வேண்டும், ஆவி போகச் சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். ஓரத்தில் வைக்காதீர்கள். கெட்டி மாவைப் பிசையும்போது மெஷின் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கீழே விழுவது நடக்கக்கூடிய விஷயம். படுக்கையறைக்குப் பக்கத்தில் சமையலறை என்றால், விடிகாலையில் பிசையும் சத்தத்துக்கு எழுந்துகொள்ளவும் தயாராக இருங்கள்.

படி 8: மாற்றுப் பாத்திரம் கிடைக்குமா?

வாங்கலாம் என்று முடிவெடுத்த மாடல் எண்ணோடு பாத்திரம், பிளேடு என்று சேர்த்துத் தேடுங்கள். இரண்டும் தனியாக விற்பனைக்கு இருக்கிறதா, என்ன விலை? பாத்திரத்தின் விலை மெஷினின் பாதியைத் தாண்டினால், அந்த மெஷினை ஒரு பாத்திரத்தின் ஆயுள் வரைதான் உபயோகிப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு படி 2-இன் கணக்கை மறுபடி போடுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் வேறு மாடலைப் பாருங்கள். பெயர் தெரியாத மெஷினாக இருந்தாலும் பரவாயில்லை, பாகம் கிடைத்தால் சரி. ஒரே தொழிற்சாலையில் செய்த மெஷின் பல பெயர்களில் விற்கப்படுவதும் உண்டு, பாத்திரம் மாறிப் பொருந்தவும் செய்யும். பிளேடு ஒன்று கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. குழாயடியில் கழுவும்போது காணாமல் போகும் முதல் சாமான் அதுதான்.

உத்தரவாத அட்டையில் பாத்திரத்தின் பூச்சு சேர்த்தியா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அதை மட்டும் பொடி எழுத்தில் விலக்கியிருப்பார்கள்.

படி 9: பழைய மெஷின் வாங்குவதாக இருந்தால்

ஆசையாக வாங்கி, நாலு பிரெட் சுட்டு, அப்படியே மூலையில் வைத்த மெஷின்கள் ஏராளம். அதனால் பழையது வாங்குவது இந்த விஷயத்தில் மோசமான யோசனை இல்லை. அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். ஆனால் போய்ப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

கையோடு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள். பாத்திரத்தில் பாதி அளவுக்கு ஊற்றி, ஒரு வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். தண்டைக் கையால் பத்து முறை சுற்றுங்கள். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பாத்திரத்தைத் தூக்குங்கள். தாளில் ஈர வட்டம் இருந்தால் சீல் போய்விட்டது. மாற்றுப் பாத்திரத்தின் விலையைக் கழித்துக் கேளுங்கள், அல்லது கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து, பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டு, உள்ளறையை டார்ச் அடித்துப் பாருங்கள். ஹீட்டர் மேல் கருகிய மாவு கொஞ்சம் இருந்தால் தவறில்லை. துரு, தண்ணீர்க் கறை இருந்தால் கசிவு ஏற்கெனவே இருந்திருக்கிறது. பிறகு மாவு பிசையும் புரோகிராமைப் போட்டு ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். கீச்சென்ற சத்தமோ, எரிந்த ரப்பர் வாசனையோ வந்தால் பெல்ட் வழுக்குகிறது. கடைசியாகச் சுட மட்டும் புரோகிராமைப் போட்டு, சில நிமிடத்தில் உள்ளே சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 10: திருப்பித் தரும் கெடு முடிவதற்குள்

புது மெஷின் வந்ததும் பத்திரமாக அலமாரியில் வைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே மூன்று பிரெட்டாவது சுட்டுப் பாருங்கள். முதல்முறை சூடேறும்போது லேசான புகைவாடை வருவது வழக்கம், ஒருமுறையோடு போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மூன்று முறையும் ஒரே அளவு, தராசில் நிறுத்து: மாவு 400 கிராம், தண்ணீர் 250 மில்லி, எண்ணெய் 20 மில்லி, சர்க்கரை 18 கிராம், உப்பு 7 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். கப்பில் அளந்தால் ஒவ்வொரு முறையும் மாவின் எடை மாறும், அப்புறம் தப்பு மெஷினிலா உங்கள் கையிலா என்றே தெரியாது. பிரெட் மெஷினை விட முக்கியம் ஒரு சமையல் தராசு என்று சொன்னால்கூட நான் ஒத்துக்கொள்வேன். மாவு பாக்கெட்டில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று போட்டிருக்கும். 11, 12 கிராம் இருந்தால் பிரெட் நன்றாக எழும். 9 என்றால் கொஞ்சம் குட்டையாகத்தான் வரும், அதற்கு மெஷினைத் திட்டக் கூடாது.

பிசைய ஆரம்பித்து எட்டாவது, பத்தாவது நிமிடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். பயப்பட வேண்டாம், பிசையும் கட்டத்தில் திறக்கலாம். உப்பும்போதும் சுடும்போதும்தான் திறக்கக் கூடாது. முதலில் கந்தல் கந்தலாகக் கிடந்த மாவு இப்போது ஒரே உருண்டையாகித் தொப் தொப்பென்று சுவரில் அடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். பாத்திரத்தின் பக்கங்கள் சுத்தமாக இருக்க வேண்டும். உருண்டையை விரலால் தொட்டால் லேசாக ஒட்டி, விட்டுவிட வேண்டும். அடியில் கூழாகப் பரவியிருந்தால் ஒரு மேசைக்கரண்டி மாவு சேருங்கள். உருண்டை விரிசல் விட்டு, மோட்டார் முனகினால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். முழுக்கோதுமை மாவு என்றால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கூடவே கேட்கும்.

வெந்த பிரெட்டைப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. எழும்பி, பிறகு நடுவில் குழிந்திருந்தால் தண்ணீரோ ஈஸ்ட்டோ அதிகம், அல்லது உப்பை மறந்திருக்கிறீர்கள். உப்புதான் ஈஸ்ட்டுக்குக் கடிவாளம். எழும்பவே இல்லை என்றால் ஈஸ்ட் பழசாகியிருக்கலாம், அல்லது சுடுதண்ணீர் ஊற்றிக் கொன்றிருக்கலாம், 60 டிகிரி செல்சியஸில் ஈஸ்ட் தாங்காது. இதெல்லாம் நம் கணக்கு. ஆனால், சரியாக நிறுத்துப் போட்டும் மூலையில் உலர்ந்த மாவு நிற்கிறது, மூன்று முறையும் ஒரே பக்கம் கருகி மறுபக்கம் வெளுத்திருக்கிறது, கையேட்டில் சொன்ன அளவுக்குள் சுட்டும் நடுப்பகுதி பச்சையாக இருக்கிறது என்றால், தவறு மெஷினுடையது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், வெந்த பிரெட் 90 டிகிரிக்கு மேல் காட்டும். மூன்று பிரெட்டையும் குறுக்கே வெட்டிப் படம் எடுத்து அனுப்பி, தயங்காமல் மாற்றித் தரக் கேளுங்கள்.

கழுவுவதில் ஒரு விஷயம்தான். பாத்திரத்தை முழுதாகத் தண்ணீரில் அமுக்கி ஊற வைக்காதீர்கள், அடியிலிருக்கும் தண்டிலும் சீலிலும் தண்ணீர் புகுந்து தேய்மானம் சீக்கிரம் வரும். உள்ளே மட்டும் வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டால் பிளேடு இளகிக்கொள்ளும், பஞ்சால் துடைத்தால் போதும். உலோகக் கரண்டி பாத்திரத்துக்குள் போகவே கூடாது.

எல்லாம் சரியாக இருந்து மெஷினை வைத்துக்கொள்வது என்று முடிவானால், அன்றே அதைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மாற்றுப் பாத்திரம் தேவைப்பட்ட நாளில் அந்த எழுத்து சூட்டில் வெளுத்துப் பாதி அழிந்துபோயிருந்தது. கடைசி இரண்டு எழுத்து என்னவென்று தெரியாமலே ஒரு வாரம் தேடிக்கொண்டிருந்தேன்.